வால் மட்டும் விழுந்த படம்

கட்டுகஸ்தோட்டை
1931 ஒக்டோபர் 18

அன்புத் தங்கச்சி யோசப்பினுக்கு அண்ணன் கிறகரி எழுதுவது.

மாதா புண்ணியத்தில் இங்கே நான், உன் மதினி டொரதி, பிள்ளை பியட்றிஸ் மூவரும் சுகம். உன் சுகத்தை உன் கையாலேயே எழுதினால்தான் நம்புவேன். உன்னைக் கூட்டிப்போன ஃபாதர், "நல்லபடியாகக் கொண்டுபோய்ச் சேர்த்தேன்" என்று ஒரு கார்டு போட்டிருந்தார். பார்சல் அனுப்பினவனுக்கு எழுதுகிற மாதிரி இருந்தது. நானே கூட வந்திருக்க வேண்டும். ஸ்டூடியோவில் லீவு கிடைக்கவில்லை என்பது உனக்குத் தெரியும்.

கண்டி ஸ்டேஷனில் ரயில் நகரும்போது தலையை வெளியே நீட்டினாய். அழப்போகிறாய் என்று நினைத்தேன். நீ, "குருவி வந்தா எழுதுங்க அண்ணே" என்றாய். நெஞ்சில் காசநோயோடு, முன்பின் தெரியாத ஊருக்கு ஆஸ்பத்திரியில் கிடக்கப் போகிறவள் கடைசியாகச் சொல்லுகிற பேச்சா அது? போகட்டும். குருவி வந்துவிட்டது.

வருஷா வருஷம் மழைக்கு வந்து வெயிலுக்குப் போகிற அதே துணிக்கள்ளன்தான். கறுப்புத் தலை, வெள்ளை உடம்பு, உடம்பைப்போல இரண்டு மடங்கு வெள்ளை வால். சிங்கள ஆட்கள் வைத்த பெயர் சரியான பெயர். கொடியில் காய்கிற துணியில் ஒரு கிழிசலைத் திருடிக்கொண்டு ஓடுகிற மாதிரித்தான் போகிறது. பின்னேரம் ஜம்பு மரத்துத் தாழ்ந்த கிளையில் வந்து குந்தியது. கிணற்றடித் தொட்டித் தண்ணீரில் தொப்பென்று விழுந்து எழும்பி, மறுபடி கிளைக்குப் போனது. நீ உட்காருகிற கல்லில் பியட்றிஸ் உட்கார்ந்துகொண்டு, "அத்தையோட குருவி குளிக்குது" என்று எல்லோருக்கும் அறிவித்தாள்.

டிசம்பரில் நத்தார்த் திருநாளுக்குக் கட்டாயம் வந்து பார்ப்பேன். தைரியமாக இரு. கொடுக்கிற முட்டையையும் பாலையும் பக்கத்துக் கட்டிலுக்குத் தள்ளிவிடாதே.

உன் அண்ணன்,
கிறகரி


காங்கேசன்துறை
1931 நவம்பர் 4

பிரியமுள்ள அண்ணனுக்கு,

என் கையால்தான் எழுதுகிறேன், நம்புங்கள். காய்ச்சல் பின்னேரத்தில் மட்டும் வந்து போகிறது. இருமல் குறைவு. மதினியும் பிள்ளையும் சுகமென்று படித்துச் சந்தோஷப்பட்டேன்.

இங்கே சுவர் கொஞ்சம், காற்று அதிகம். கட்டில்களை நீளமான விறாந்தையில் வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். எதிரே ஒரு வேப்பமரம், அதற்கு அப்பால் கடல். கடல்காற்றுத்தான் மருந்தாம். டொக்டர் ஒரு வருஷம் இருக்கச் சொல்கிறார். பள்ளிக்கூடத்தில் என் வகுப்புப் பிள்ளைகளை யார் பார்க்கிறார்களோ தெரியவில்லை.

பக்கத்துக் கட்டிலில் வடிவம்மா என்று ஒரு யாழ்ப்பாணத்து அம்மா இருக்கிறார். ஐம்பது வயதிருக்கும். மகன் சிங்கப்பூரில். இரண்டு வருஷமாக அவரைப் பார்க்க ஒருவரும் வரவில்லை. முதல் நாளே என்னை விசாரித்தார்.

"பிள்ளை, உமக்கு ஆர் இருக்கினம்?"

"ஒரு அண்ணன். கண்டியில படம் புடிக்கிற கடையில வேலை."

"அப்ப அவர் வருவார். படம் பிடிக்கிற ஆக்களுக்கு மனுசற்றை முகம் பாக்காமல் இருக்கேலாது."

அண்ணா, எனக்கு ஒன்று செய்யுங்கள். துணிக்கள்ளனை ஒரு படம் பிடியுங்கள். கிளையில் குந்தியிருக்கிற படம் வேண்டாம். அது உங்கள் ஸ்டூடியோவில் மாப்பிள்ளைமார் விறைத்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருக்கும். தொட்டிக்கும் கிளைக்கும் நடுவில் பறக்கிறதே, அதைப் பிடியுங்கள். படுத்துக்கொண்டு கண்ணை மூடினால் எனக்குக் கிளை தெரிகிறது, தொட்டி தெரிகிறது, நடுவில் அது போகிறது மட்டும் தெரியமாட்டேன் என்கிறது.

அவசரமில்லை. நத்தாருக்கு வரும்போது கையில் கொண்டுவாருங்கள்.

அன்புத் தங்கை,
யோசப்பின்


கட்டுகஸ்தோட்டை
1931 நவம்பர் 29

அன்புத் தங்கச்சிக்கு,

காய்ச்சல் விட்டதா என்று முதலில் எழுது. இங்கே மழையைத் தவிர வேறு குறையில்லை. பாலத்துக்குக் கீழே மகாவலி கலங்கிப் பெருகிப் போகிறது.

நீ கேட்டது லேசான காரியமென்று நினைத்துக் கேட்டாயா, எனக்கு வேலை வைக்கவென்று கேட்டாயா தெரியவில்லை. ஸ்டூடியோவில் என் வேலை என்ன? முதலாளி படம் பிடித்த கண்ணாடி பிளேட்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்து வைத்து, பென்சிலும் சின்னக் கத்தியும் கொண்டு அம்மைத் தழும்பையும் கண்ணுக்குக் கீழுள்ள கறுப்பையும் எடுத்துவிடுவது. ஆடாமல் அசையாமல் இருக்கிறவர்களோடுதான் எனக்குப் பழக்கம். இந்தக் குருவி சொன்ன பேச்சுக் கேட்பதில்லை.

முதலாளியின் நல்ல கமெராவை ஞாயிற்றுக்கிழமைகளில் இரவல் வாங்கி வருகிறேன். குருவியைப் பார்த்துக் குறிவைத்தால் கை அசைவதற்குள் அது போய்விடுகிறது. ஆகவே அது போகிற வழிக்குக் குறிவைக்கிறேன். கிளைக்கும் தொட்டிக்கும் நடுவில் ஒரு ஈர்க்கை நட்டு, அதற்குக் கமெரா வில்லையைச் சரிசெய்துகொண்டு, பிறகு ஈர்க்கைப் பிடுங்கி எறிந்துவிட்டு, வெறும் காற்றைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். றோட்டால் போகிறவர்கள் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைக்கிறார்கள். மேல்வீட்டு நளீர், பழமரத்துக்கு வருகிற வௌவாலை விரட்டுகிற காற்றுத் துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து வேடிக்கை பார்த்தார்.

"இதெல்லாம் புடிக்க ஏலாது கிறகரி அண்ணன். சுடத்தான் ஏலும்" என்று சிரித்துவிட்டுப் போனார்.

பெரும்பாலான பிளேட்டுகள் இருட்டிலே போய்விட்டன. ஒன்றில் மட்டும் ஏதோ விழுந்திருக்கிறது. குருவி சட்டத்தை விட்டு வெளியே போய்விட்டது, வால் மட்டும் மூலையில் புகை மாதிரித் தெரிகிறது. என் தொழிலுக்கு இது வெட்கம். ஆனாலும் அனுப்புகிறேன், நான் சும்மா இருக்கவில்லை என்று உனக்குத் தெரியட்டும்.

நத்தார்க் காலத்தில் ஸ்டூடியோவில் கூட்டம் அதிகம். வர முடியுமா என்பதை முதலாளியிடம் கேட்டு எழுதுகிறேன்.

உன் அண்ணன்,
கிறகரி


காங்கேசன்துறை
1931 டிசம்பர் 12

பிரியமுள்ள அண்ணனுக்கு,

எல்லோருடைய சுகத்துக்கும் தினமும் ஒரு செபமாலை சொல்கிறேன். என் காய்ச்சல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

வால் கிடைத்தது. நீங்கள் வெட்கப்பட்ட படத்தை நான் பூசைப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன். வடிவம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது குருவியோ, ஆரேனும் சீலையை உதறினதோ?" என்று கேட்டார். எனக்குச் சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது. அண்ணா, அது அப்படித்தான் போகும். நாம் பார்க்கத் திரும்பும்போது வால்தான் மிச்சமிருக்கும். தொட்டியடியில் உட்கார்ந்திருக்கிற மாதிரியே இருந்தது எனக்கு.

இன்னும் ஒரு விஷயம் எழுத வேண்டும். இங்கே பார்க்க வருகிறவர்களை வார்டுக்குள் விடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வேப்பமரத்தடியில் கதிரை போடுவார்கள். நோயாளி ஒரு பக்கம், வந்தவர் நன்றாகத் தள்ளி மறுபக்கம், நடுவில் கடல்காற்று. அப்படி இருந்து பேசினால் யாருக்கும் ஒன்றும் ஒட்டாது என்று டொக்டரே சொல்கிறார். மதினியிடமும் இதைச் சொல்லுங்கள்.

நத்தாருக்கு வருவீர்கள்தானே. படம் விழாவிட்டாலும் பரவாயில்லை.

அன்புத் தங்கை,
யோசப்பின்


கட்டுகஸ்தோட்டை
1932 ஜனவரி 17

அன்புத் தங்கச்சிக்கு,

பிறந்திருக்கிற வருஷத்தில் உனக்குப் பூரண சுகம் கிடைக்க வேண்டுமென்று நேர்ந்திருக்கிறேன். நத்தாருக்கு வர முடியாமல் போனதை மனதில் வைத்துக்கொள்ளாதே. பியட்றிஸுக்குக் காய்ச்சல், கடையில் கூட்டம், ஒன்று மாறி ஒன்று. டொரதி அனுப்பிய கேக் கிடைத்ததா?

இப்போது நல்ல செய்தி. ஒருவழியாக விழுந்துவிட்டது. இத்துடன் இருக்கிற படத்தைப் பார். இறக்கை இரண்டும் விரிந்து, கொண்டை நிமிர்ந்து, வால் கடைசி நுனிவரை துப்புரவாக வந்திருக்கிறது. பின்னால் ஜம்பு இலைகள்கூடத் தெரிகின்றன. அன்றைக்கு நல்ல வெயில். முந்தைய ஞாயிறுகளில் வில்லையைக் கொஞ்சம் கிட்டே வைத்துவிட்டேன், இந்தத் தடவை தள்ளி வைத்தேன். காற்றும் இல்லை. எல்லாம் கூடி வந்தது. முதலாளி பார்த்துவிட்டு, கண்ணாடிப் பெட்டியில் வைக்க ஒரு கொப்பி கேட்டார். நான் கொடுக்கவில்லை. இது உனக்கு மட்டும்.

இனி நீ கண்ணை மூடிக்கொண்டு யோசிக்க வேண்டியதில்லை. கண்ணைத் திறந்தே பார்க்கலாம்.

உன் அண்ணன்,
கிறகரி


காங்கேசன்துறை
1932 பெப்ரவரி 21

பிரியமுள்ள அண்ணனுக்கு,

பிள்ளையின் காய்ச்சல் சுகமாகியிருக்கும் என்று நம்புகிறேன். கேக் கிடைத்தது. மதினிக்கு நன்றி சொல்லுங்கள்.

படமும் கிடைத்தது. மிகவும் தெளிவாக இருக்கிறது. வார்டில் எல்லோரும் வாங்கிப் பார்த்தார்கள். இவ்வளவு தெளிவாக நான் அதைப் பார்த்ததே இல்லை. குருவி இப்போதும் தொட்டிக்கு வருகிறதா என்று எழுதுங்கள்.

நானும் உங்களுக்கு ஒரு படம் அனுப்புகிறேன். லூர்து மாதா திருநாளுக்கு வந்த ஒருவர் கமெரா கொண்டுவந்திருந்தார். வேப்பமரத்தடியில், கதிரையில் கை வைத்துக்கொண்டு நிற்பது நான்தான். உட்காரச் சொன்னார்கள், நான் மாட்டேன் என்று எழும்பி நின்றேன். பாருங்கள், நன்றாக நிற்கிறேன். சேலையைச் சுற்றிக் கட்டியதால் குண்டாகவும் தெரிகிறேன்.

குருவி வருகிறதா என்று மறக்காமல் எழுதுங்கள்.

அன்புத் தங்கை,
யோசப்பின்


கட்டுகஸ்தோட்டை
1932 மார்ச் 13

அன்புத் தங்கச்சிக்கு,

நாங்கள் சுகம். டொரதி மறுபடி பிள்ளை உண்டாகியிருக்கிறாள். சோறு கண்டால் ஓடுகிறாள், மற்றபடி குறையில்லை.

உன் படத்தைப் பார்த்து எல்லோருக்கும் சந்தோஷம். நிமிர்ந்து நிற்கிறாய், முகமும் தெளிந்திருக்கிறது. படம் பிடித்தவர் பழக்கமில்லாதவர் போலிருக்கிறது. நான் அதை ஒரு கொப்பி எடுத்து, அங்கங்கே இருந்த சின்னக் குறைகளைத் திருத்தி, சட்டம் போட்டு மேசைக்கு மேலே மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் எல்லாம், "யோசப்பின் தேறிட்டா போல" என்கிறார்கள்.

குருவியைப் பற்றிக் கேட்டாய். இந்த வருஷம் கொஞ்சம் முந்திப் போய்விட்டது போலிருக்கிறது. வெயில் கூடினால் போவது அதன் வழக்கம்தானே.

பாஸ்குத் திருநாளுக்கு வர யோசித்திருந்தேன். டொரதி இருக்கிற நிலையில் விட்டுவிட்டு வர மனமில்லை. மழைக்கு முன்னே பார்ப்போம்.

உன் அண்ணன்,
கிறகரி


கட்டுகஸ்தோட்டை
1932 ஜூன் 19

அன்புத் தங்கச்சிக்கு,

மூன்று மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. கோபமென்றால் கோபமென்று எழுது. ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கேட்டதற்கு, "அப்படியே இருக்கிறார்" என்று பதில் வந்தது. அப்படியே என்றால் எப்படி என்று எனக்கு விளங்கவில்லை.

ஜம்பு காய்த்துக் கொட்டுகிறது. பியட்றிஸ் உன் கல்லில் உட்கார்ந்து தின்கிறாள். உனக்குப் பழம் அனுப்பலாமென்றால் வழியிலேயே அழுகிவிடும்.

ஒரு வரியாவது எழுது.

கிறகரி


காங்கேசன்துறை
1932 ஓகஸ்ட் 20

பிரியமுள்ள அண்ணனுக்கு,

கோபமில்லை. கை நடுங்குகிறது, அவ்வளவுதான். இந்தக் கடிதத்தை நாலைந்து நாளாக எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால், ரீச்சர் அத்தையின் எழுத்தைப் பார் என்று பியட்றிஸிடம் காட்டிச் சிரிக்காதீர்கள். மதினி பத்திரமாகப் பெற்றுப் பிழைக்க வேண்டும் என்று வேண்டுகிறேன்.

குருவியின் காலைப் பற்றி எழுத வேண்டும். பறக்கும்போது அது இரண்டு காலையும் வயிற்றோடு மடித்துக்கொள்ளும். எத்தனை பின்னேரம் அந்தக் கல்லில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். நீங்கள் அனுப்பிய தெளிவான படத்தில் கால் இரண்டும் கீழே தொங்குகின்றன. விரல்கள் மூடியிருக்கின்றன. பறக்கிற குருவிக்கு வால் ஒரு பக்கம் அலையும், இது நேராகத் தொங்குகிறது. செத்த குருவியை நூலில் கட்டித் தொங்கவிட்டுப் பிடித்திருக்கிறீர்கள், பிறகு நூலை அழித்திருக்கிறீர்கள். படம் வந்த அன்றைக்கே எனக்குத் தெரியும். பூனை பிடித்ததாக இருக்கட்டும் என்று நினைத்துப் பார்த்தேன். குருவி வருகிறதா என்று நான் கேட்டதற்கு முந்திப் போய்விட்டது என்று நீங்கள் மழுப்பியதிலேயே அதுவும் இல்லையென்று தெரிந்தது.

உங்களைத் திட்டுவதற்கு இதை எழுதவில்லை. திட்ட எனக்கு யோக்கியதையும் இல்லை. நான் அனுப்பிய படத்தை நீங்கள் உங்கள் ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்திருப்பீர்கள். என்ன பார்த்தீர்கள் என்று நான் கேட்கவில்லை.

அண்ணா, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் படம் கேட்டது படத்துக்காக மட்டும் இல்லை. சும்மா வாருங்கள் என்றால் உங்களுக்கு வீட்டில் சங்கடம். படம் கொடுக்கப் போகிறேன் என்றால் மதினியிடம் சொல்லிக்கொள்ள ஒரு காரணம் இருக்குமே என்று நினைத்தேன். அதனால்தான் கையில் கொண்டுவரச் சொன்னேன். நீங்கள் தபாலில் அனுப்பிவிட்டீர்கள். எனக்கு அன்றைக்கு மிகவும் அழுகை வந்தது. குருவிக்காகவும் அழுதேன், எனக்காகவும் அழுதேன்.

இனிப் படம் வேண்டாம். வெறுங்கையோடு வாருங்கள். தள்ளி உட்கார்ந்தே பேசிவிட்டுப் போகலாம்.

யோசப்பின்


கட்டுகஸ்தோட்டை
1932 செப்ரெம்பர் 25

என் தங்கச்சிக்கு,

உன் கடிதம் வந்த அன்றைக்கு டொரதிக்கு ஆண்பிள்ளை பிறந்தது. இருவரும் சுகம். ஹென்றி என்று பெயர் வைக்கப்போகிறோம். பதில் தாமதமானதற்குப் பிள்ளையைச் சாட்டலாம். சாட்டவில்லை. உன் கடிதத்தை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, திறக்கப் பயந்துகொண்டு திரிந்தேன்.

நளீரின் காற்றுத் துப்பாக்கி. நான்தான் கேட்டேன். அவர், "பாவமில்லையா அண்ணன்?" என்று கேட்டார். தங்கச்சி கேட்டிருக்கிறாள் என்றேன். கிளையிலிருந்து விழுந்த குருவியைக் கையில் எடுத்தபோது சூடு ஆறவில்லை. டொரதியின் தையல் பெட்டியில் கறுப்பு நூல் எடுத்தேன். நெஞ்சிலிருந்த ஓட்டையைப் பென்சிலால் மூடினேன். நூலை எடுப்பது எனக்கு ஒரு வேலையே இல்லை. முடித்துவிட்டுப் பார்த்தபோது நன்றாகச் செய்திருக்கிறேன் என்றுதான் தோன்றியது. கால் என் கண்ணில் படவே இல்லை. ஆட்களின் முகத்தையே பார்த்துப் பழகின கண்.

ஏன் வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் டொரதி, "புள்ளைய நினைச்சுப் பாருங்க. அங்க போயிட்டு வந்து அவளத் தூக்குவீங்களா?" என்றாள். அவள் சொன்னது ஒரு தடவைதான். மற்றத் தடவையெல்லாம் நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

ஹென்றிக்கு ஞானஸ்நானம் முடிந்ததும் வருகிறேன். ஒக்டோபர் 30, ஞாயிற்றுக்கிழமை. லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். டொரதியிடமும் சொல்லிவிட்டேன். காரணம் ஒன்றும் சொல்லவில்லை, தங்கச்சியைப் பார்க்கப் போகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

அதுவரை இரு.

அண்ணன்


காங்கேசன்துறை
1932 நவம்பர் 20

தம்பி கிறகரிக்கு, யோசப்பினின் பக்கத்துக் கட்டில் வடிவம்மா எழுதுகிறேன்.

நீங்களும் மனைவி பிள்ளைகளும் சுகமாக இருக்கக் கடவுளை வேண்டுகிறேன். எனக்குச் சுகம் என்று சொல்ல ஒன்றுமில்லை, சாப்பிடுகிறேன், படுக்கிறேன்.

ஒக்டோபர் 28ஆம் திகதி நீங்கள் வந்து முற்றத்தில் நின்றதை விறாந்தையிலிருந்து கண்டேன். அதற்கு முந்தின நாள் பின்னேரமே அவளை அடக்கம் செய்துவிட்டார்கள். இந்த நோயில் செத்தவர்களின் உடலை வைத்திருக்க விடமாட்டார்கள். தந்தி கிடைத்த உடனே வெளிக்கிட்டிருப்பீர்கள், உங்களில் பிழையில்லை. கன்னியாஸ்திரி உங்கள் கையில் அவளின் உடுப்புப் பெட்டியைத் தந்ததும், நீங்கள் அந்த வெறும் கதிரையைப் பார்த்துக்கொண்டு நின்றதும் தெரிந்தது. கூப்பிட நினைத்து நான் எழும்புவதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

உங்கள் கடைசிக் கடிதத்தை என்னைக்கொண்டு வாசிப்பித்தாள். முடிய, "முப்பதாந் தேதி வர்றாராம்" என்று சொல்லிச் சிரித்தாள். பிறகு தினமும் அதையே சொன்னாள்.

ஒக்டோபர் நடுப்பகுதியில் ஒரு காலை, வேப்பமரத்தில் வெள்ளை வால் குருவி ஒன்று வந்து இருந்தது. கடல் தாண்டி வந்த களைப்பு. வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. அவள் என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, இது எங்க வீட்டுக்குத்தான் போகுது."

"ஓம் பிள்ளை, போய்ச் சேரட்டும்" என்றேன்.

அது எழும்பிப் பறந்தது. "கால பாருங்க, மடிச்சுக்கிச்சு" என்றாள். நான் பார்ப்பதற்குள் வால்தான் தெரிந்தது. அதைச் சொன்னேன். அவளுக்குச் சிரிப்பு.

வால் படத்தைப் பூசைப் புத்தகத்தோடு அவளின் சவப்பெட்டிக்குள் வைத்தோம். மற்றத் தெளிவான குருவிப் படத்தை இத்துடன் அனுப்புகிறேன். அவள் அதைக் கிழிக்கவும் இல்லை, பக்கத்தில் வைக்கவும் இல்லை.

இன்னொன்று. வேப்பமரத்தடியில் அவள் நிற்கிற படத்தில் அவளைப் பின்னால் பிடித்துக்கொண்டு நின்றது நான். சேலைக்குள் ஒளிந்து நின்றேன். ஆனாலும் இடுப்பில் என் விரல் நாலும் விழுந்துவிட்டன. "அண்ணன் கண்டுபிடிச்சிருவாரு" என்று பயந்துகொண்டேதான் அனுப்பினாள். நீங்கள் கண்டீர்களோ?

அந்தக் குருவி உங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்ததோ என்று ஒரு வரி எழுதுங்கள். படம் இருந்தால் அனுப்புங்கள், வால் மட்டும் என்றாலும் சரி. எனக்குத் தபால் வருவதில்லை.

வடிவம்மா


கட்டுகஸ்தோட்டை
1932 டிசம்பர் 11

வடிவம்மா அக்காவுக்கு, யோசப்பினின் அண்ணன் கிறகரி எழுதுவது.

அவள் உங்களை அப்படித்தான் கூப்பிட்டாள் என்பதால் நானும் கூப்பிடுகிறேன். உங்கள் சுகத்தைக் கேட்க வாய் வரவில்லை. என் வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்கிறோம், அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

விரல்களைக் கண்டேன். படம் கைக்கு வந்த உடனே கண்டேன். நிற்க முடியாதவளை யாரோ தாங்கிப் பிடித்திருக்கிறார்கள் என்று தெரிந்தும், அவள் தேறிவிட்டாள் என்று நம்ப வேண்டியிருந்தது. நம்பினால் நான் போக வேண்டியதில்லை. அதனால் கொப்பி எடுத்து, உங்கள் விரல் நாலையும் அழித்து, அவள் தனியாக நிற்கிற மாதிரிச் சுவரில் மாட்டினேன். ஒன்பது மாதம் அது அங்கே தொங்கியது. இப்போது அதைக் கழற்றிவிட்டு, அவள் அனுப்பிய படத்தையே மாட்டியிருக்கிறேன். பியட்றிஸ், "அத்தைய யாரு புடிச்சிருக்கா?" என்று கேட்டாள். உங்கள் பெயரைச் சொன்னேன்.

குருவி வரவில்லை. வந்தது என்று எழுதினால் உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும், எழுத எனக்கும் தெரியும். ஆனால் வரவில்லை. பின்னேரங்களில் கிணற்றடியில் உட்கார்ந்து பார்க்கிறேன். கமெராவை முதலாளியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கிளை இருக்கிறது, தொட்டி இருக்கிறது. ஈர்க்கு நட்ட இடத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இருட்டினால் உள்ளே வருகிறேன். நீங்கள் பார்த்த குருவி வேறு வீட்டுக்குப் போயிருக்கலாம். எங்கே போனாலும் நன்றாக இருக்கட்டும்.

அதனால் அனுப்ப என்னிடம் படம் இல்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை நானே வருகிறேன். டொரதிக்குச் சொல்லிவிட்டேன். அவள், "அந்த அம்மாவுக்கு என்ன கொண்டுபோறீங்க?" என்று கேட்டாள். வெறுங்கையோடு போகிறேன் என்றேன்.

பின்னேரம் வேப்பமரத்தடியில் இருப்பேன். எனக்குப் போடுகிற கதிரையைத் தள்ளிப் போட வேண்டாம் என்று சொல்லுங்கள். உங்கள் கதிரைக்குப் பக்கத்திலேயே போடட்டும்.

தம்பி,
கிறகரி